100 எம்பிபிஎஸ் லைனில் 31: பர்ஸ்ட் அளவை மாற்றாமல் விட்ட ஒரு பாலிசர்

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனம். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைவில் உள்ள ஒரு மாற்று டேட்டா சென்டருக்குத் தனி ஈத்தர்நெட் லைன் எடுத்திருந்தார்கள். போய்த் திரும்ப 40 மில்லி வினாடி. தினமும் இரவு 8 மணிக்குத் தொடங்கும் பேக்கப்பும், இரவு ஷிஃப்டில் இருக்கும் வாடிக்கையாளர் உதவிக் குழுவின் தொலைபேசி அழைப்புகளும் இதே லைனில்தான் போயின.

பழைய லைன் 50 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 50 மெகாபிட்). அது வந்து சேர்ந்த போர்ட், அதாவது கேபிள் செருகும் இடம், 100 எம்பிபிஎஸ். சுமார் 240 ஜிபி பேக்கப் முடிய 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலை ஏழேகாலுக்கு முடிந்துவிடும். டேட்டா பெருகிக்கொண்டே போனதால் லைனை 100 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தினார்கள். அதோடு போர்ட்டும் 1 ஜிபிபிஎஸ்ஸாக மாறியது. வேலை ஒரு வார இறுதியில் நடந்தது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

திங்கள் இரவு தொடங்கிய பேக்கப் செவ்வாய் மதியம் 1 மணிக்குத்தான் முடிந்தது. கணக்குப் போட்டால் சராசரி 31 எம்பிபிஎஸ். லைனை இரட்டிப்பாக்கியும் பழைய வேகம்கூட வரவில்லை. நான் அவர்களின் நெட்வொர்க்கை வெளியிலிருந்து கவனித்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். அன்று மாலை அழைப்பு வந்தது.

முதல் மூன்று நாள்

வழக்கமான சந்தேகங்களை வரிசையாகப் பார்த்தோம். கேபிளில் பிழை இல்லை, டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பும் அமைப்பு) சரி, எம்டியு (ஒரு பாக்கெட்டின், அதாவது ஒரு டேட்டாத் துண்டின், உச்ச அளவு) சரி. பேக்கப் போவது டிசிபியில், அதாவது தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் முறையில். அதன் விண்டோவும், அதாவது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய டேட்டாவின் அளவும், போதுமான அளவு விரிந்திருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸை 40 மில்லி வினாடியால் பெருக்கினால் 5,00,000 பைட் வரும்; அந்த அளவு டேட்டா எந்நேரமும் வழியில் இருந்தால்தான் லைன் நிறையும். அது இடம் கொள்ளும் அளவுக்கு விண்டோ இருந்தது. டிஸ்க்கும் காரணம் இல்லை.

லைன் தந்த சேவை நிறுவனத்தில் புகார் பதிந்தோம். அவர்கள் யுடிபி (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) சோதனை ஒன்றை 90 எம்பிபிஎஸ்ஸில் பத்து நிமிடம் ஓட்டினார்கள். ஒரு பாக்கெட்கூட தொலையவில்லை. சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங்கிலும் இழப்பு இல்லை. ஐந்து நிமிடச் சராசரி கிராஃப் 35 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே இல்லை. "சார், நீங்க லைனில் பாதியைக்கூட பயன்படுத்தவில்லை, எங்க பக்கம் எல்லாம் கிளீன்" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். அவர்கள் காட்டிய எண்கள் எல்லாமே உண்மை. அதனால்தான் மூன்று நாள் போனது.

இதற்கிடையே ஒரு துப்பு கிடைத்தது, ஆனால் அப்போது அதன் பொருள் எங்களுக்குப் புரியவில்லை. எதிர்த் திசையில், அதாவது டேட்டா சென்டரிலிருந்து அலுவலகத்துக்குக் கோப்பை இழுத்தால், ஒரே இணைப்பில் 80 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தது.

அவசரத்தில் எடுத்த ஒரு முடிவு

நான்காம் நாள் பேக்கப் மென்பொருளில் ஒரு இணைப்புக்குப் பதில் எட்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். யோசனை என்னுடையதுதான். வேகம் 78 எம்பிபிஎஸ் ஆனது. விடியற்காலை மூன்று மணிக்குள் பேக்கப் முடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டாம் இரவே உதவிக் குழுவிலிருந்து புகார் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டுவிட்டு வருகிறது, பாதி வாக்கியம் காணாமல் போகிறது. பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும். எட்டு இணைப்புகளும் தாங்கள் இழந்த பாக்கெட்டுகளைத் திரும்ப அனுப்பிச் சமாளித்துக்கொண்டன. குரலுக்கு அந்த வசதி கிடையாது, போனது போனதுதான். இணைப்பு எண்ணிக்கையை மறுபடி ஒன்றாகக் குறைத்தோம். ஆனால் இந்தத் தவறு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: வழியில் எங்கோ பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன, அதுவும் இது பேக்கப், இது குரல் என்று பார்க்காமல்.

பாலிசர் எப்படிக் கணக்குப் பார்க்கிறது

மேற்கொண்டு போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். லைனின் வேகத்தை இரண்டு விதமாகக் கட்டுப்படுத்தலாம். ஷேப்பிங்கில் அளவுக்கு மேல் வரும் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும், தாமதமாகப் போகும். பாலிசிங்கில் வரிசையே கிடையாது. அளவுக்குள் வந்தால் அனுமதி, மீறினால் அதே நொடியில் டிராப், அல்லது குறி மாற்றி அனுப்புவது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு நினைவகம் ஒதுக்க வேண்டாம், தாமதமும் கூடாது என்பதால் சேவை நிறுவனங்கள் தங்கள் எல்லை ரவுட்டரின் நுழைவில் பாலிசிங்கையே வைக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாலிசருக்குள் இருப்பது ஒரு டோக்கன் வாளி. ஒப்பந்த வேகத்தில் டோக்கன் சொட்டிக்கொண்டே இருக்கும். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மில்லி வினாடிக்கு 12,500 பைட்டுக்கான டோக்கன். வாளி நிறைந்தால் மிச்சம் வழிந்து வீணாகும். பாக்கெட் வரும்போது அதன் அளவுக்கு டோக்கன் இருந்தால் எடுத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் குப்பை. வாளியின் கொள்ளளவுதான் பர்ஸ்ட் அளவு. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2697 இதையே இரண்டு வாளி, பச்சை–மஞ்சள்–சிவப்பு என்று மூன்று நிறமாக விரிக்கிறது. எங்கள் லைனில் அவ்வளவெல்லாம் இல்லை. ஒரு வாளி, இரண்டே தீர்ப்பு.

ஆக, "100 எம்பிபிஎஸ் லைன்" என்று சொல்லும்போது பாதி விவரம்தான் சொல்லப்படுகிறது. கம்பியில் பாக்கெட் எப்போதுமே போர்ட் வேகத்தில்தான் போகும். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அது போகும் அந்தக் கணத்தில் ஒப்பந்தத்தைப் பத்து மடங்கு மீறியே போகிறது. அதைப் பொறுத்துக்கொள்வது வாளியின் வேலை.

பாக்கெட் பிடித்துப் பார்த்தபோது

எட்டாம் நாள் இரு முனையிலும் ஒரே நேரத்தில் பாக்கெட் கேப்சர் எடுத்தோம். சர்வரிலேயே எடுக்காமல் சுவிட்சின் மிரர் போர்ட்டில், அதாவது கடந்துபோகும் பாக்கெட்டுகளின் நகல் கிடைக்கும் போர்ட்டில், எடுத்தோம். சர்வரில் எடுத்தால், நெட்வொர்க் கார்டு பிறகு துண்டாக்கப் போகிற 64 கிலோபைட் வரையிலான பெரிய தொகுதிகள்தான் தெரியும். கம்பியில் உண்மையில் போவது தெரியாது. எங்கள் பேக்கப் சர்வர் ஒரு பூட்டிய அப்ளையன்ஸ், உள்ளே நுழையவே முடியாது என்பது வேறு விஷயம்.

அனுப்பும் பக்கத்தில் பாக்கெட்டுகள் அவ்வப்போது கொத்தாகப் போயின. ஒரு கொத்தை எடுத்து எண்ணினேன்: 40 பாக்கெட்டுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 12 மைக்ரோ வினாடி, மொத்தமே அரை மில்லி வினாடி. அதே கொத்தை மறுமுனையில் தேடினால், முதல் 11 வரிசையாக வந்திருந்தன. அப்புறம் ஒன்பது இல்லை. ஒன்று வந்தது. மறுபடி ஒன்பது இல்லை. மறுபடி ஒன்று. தற்செயலான இழப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. வேறு சில கொத்துகளையும் பார்த்தேன், எல்லாம் இதே தாளம்.

பத்தில் ஒன்று மட்டும் பிழைக்கிறது என்றால் அது 100-க்கும் 1000-க்கும் உள்ள விகிதம். 11 என்ற எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வாளியின் அளவும் தெரிந்துவிடும். 1 ஜிபிபிஎஸ்ஸில் வந்து 100-இல் நிரம்பினால், வாளி 900 எம்பிபிஎஸ் வேகத்தில் காலியாகும். 15,000 பைட் வாளி என்றால் அது தீர்வதற்குள் 16,667 பைட் கடந்துபோகும். அதாவது 11 பாக்கெட்.

அதுவரை புரியாமல் இருந்தவை எல்லாம் இந்த 15,000-இல் வந்து விழுந்தன.

யுடிபி சோதனை ஏன் தேறியது? அந்தக் கருவி பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் அனுப்புகிறது. 90 எம்பிபிஎஸ்ஸில் ஒரு முழு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் 133 மைக்ரோ வினாடி. அதற்குள் வாளியில் 1,667 பைட்டுக்கான டோக்கன் விழுந்துவிடும். பாக்கெட் கேட்பதோ 1,500 சொச்சம். வாளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிங் பாக்கெட் நூறு பைட்டுக்கும் குறைவு. ஏறக்குறைய காலியான வாளியில்கூட அதற்கு மட்டும் டோக்கன் இருக்கும். எதிர்த் திசையில் வேகம் வந்ததற்குக் காரணம், மறுமுனை சர்வரில் பேசிங் இயங்கியது; அது பாக்கெட்டுகளைக் கொத்தாக விடாமல் இடைவெளி விட்டு அனுப்பியது.

பழைய லைனில் பிரச்சினை ஏன் இல்லை என்பதும் தெளிவாயிற்று. அங்கே போர்ட் 100, ஒப்பந்தம் 50. அதே 15,000 பைட் வாளி தீர்வதற்குள் 30,000 பைட், அதாவது 20 பாக்கெட் கடந்துவிடும். தீர்ந்த பிறகும் இரண்டில் ஒன்று பிழைக்கும். புதிய லைனில் 11-க்குப் பிறகு பத்தில் ஒன்பது தொலைகிறது. வேகத்தை உயர்த்தியவர்கள் பர்ஸ்ட் அளவைத் தொடாமல் விட்டிருந்தார்கள்.

மொத்த இழப்பு என்று பார்த்தால் 0.3% மட்டுமே. சேவை ஒப்பந்தம் அனுமதித்ததோ மாதச் சராசரி 0.5%. காகிதத்தில் லைன் நல்ல லைன்தான். ஆனால் டிசிபியின் வேகம் இழப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 1997-இல் மாதிஸும் உடன் ஆய்வாளர்களும் தந்த சூத்திரப்படி, 40 மில்லி வினாடி லைனில் பழைய ரெனோ வகை டிசிபிக்கு பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தாலே ஒரு தனி இணைப்பு சுமார் 35 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். எங்கள் இழப்பு மொத்தமாகக் கொத்துக் கொத்தாக நடந்ததால் 31-ஆவது வந்தது.

எங்கள் பக்கம் ஷேப்பிங், முதல் முயற்சி

இரண்டு வழி இருந்தது. பர்ஸ்ட்டைக் கூட்டச் சொல்லி சேவை நிறுவனத்தைக் கேட்பது, அல்லது எங்கள் ரவுட்டரிலேயே ஷேப்பிங் போட்டு பாக்கெட்டுகளைச் சீராக்கி அனுப்புவது. முதல் வழி அவர்கள் கையில், இரண்டாவது எங்கள் கையில். அதனால் இரண்டாவதைத் தொடங்கினோம். 95 எம்பிபிஎஸ்ஸில் ஷேப்பர் போட்டோம்.

வேகம் 33. அதாவது ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் கட்டளையைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று தேடிக்கொண்டிருந்தோம்.

ஷேப்பரும் ஒரு டோக்கன் வாளிதான் என்பதை மறந்துவிட்டோம். எங்கள் ரவுட்டர் 25 மில்லி வினாடிக்கு ஒரு தவணை என்று கணக்கு வைத்திருந்தது. 95 எம்பிபிஎஸ்ஸில் ஒரு தவணைக்கு 2,96,875 பைட். 40 பாக்கெட் கொத்து என்பது 60,000 பைட். ஷேப்பருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தொடாமல் அப்படியே போர்ட் வேகத்தில் வெளியே விட்டது. அந்தப் பக்கம் 15,000 பைட் வாளி காத்திருக்கிறது. ஷேப்பர் போட்டாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, கொத்தை அது அவிழ்க்கவில்லை.

தவணையைக் குறைத்தோம். ரவுட்டர் அனுமதித்த மிகக் குறைந்த அளவு 4 மில்லி வினாடி, அதாவது 47,500 பைட். வேகம் 41 ஆனது. 1 மில்லி வினாடி கிடைத்திருந்தால் 11,875 பைட். பாலிசரின் வாளிக்குள் அடங்கியிருக்கும். அந்த ரவுட்டரில் அது இல்லை. எங்கள் கையில் இருந்த வழி அங்கேயே தீர்ந்தது.

சேவை நிறுவனத்திடம் மறுபடியும்

இந்த முறை "லைன் மெதுவாக இருக்கிறது" என்று எழுதவில்லை. இரு முனை கேப்சரையும் இணைத்து, 11–9–1–9–1 என்ற வரிசையைக் குறித்து, "உங்கள் நுழைவு பாலிசரின் பர்ஸ்ட் 15,000 பைட் என்று கணக்கிடுகிறோம், சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். இரவுப் பணியில் இருந்த ஒரு பொறியாளர் அரை மணி நேரத்தில் அழைத்தார். "15,000தான் சார். டிராப் கவுண்டரும் நீங்க சொன்ன நேரத்துல ஏறியிருக்கு." கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ணும் அந்தக் கவுண்டர் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்க்கக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

15,000 எங்கிருந்து வந்தது? குறைந்தது பத்து முழு பாக்கெட்டாவது தாங்க வேண்டும் என்ற அடிமட்ட அளவை யாரோ ஒரு காலத்தில் டெம்ப்ளேட்டில் எழுதியிருக்கிறார்கள். வேகம் மாறும்போதெல்லாம் அந்த வரி மட்டும் அப்படியே நின்றிருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். 6,25,000 பைட் கேட்டோம். ஒப்பந்த வேகத்தில் 50 மில்லி வினாடிக்குச் சமம். எங்கள் 40 மில்லி வினாடிப் பயணத்தைவிடச் சற்று அதிகம். சில ரவுட்டர் வழிகாட்டிகள் ஒன்றரை வினாடி அளவுகூடச் சொல்வதுண்டு. அவ்வளவு பெரிய வாளி சேவை நிறுவனத்தின் உள் நெட்வொர்க்குக்கு அநியாயம் என்று எனக்குப் பட்டது. மாற்ற அனுமதி வாங்க அவர்களுக்கு ஐந்து நாள் ஆனது.

விளைவு

வாளி பெரிதான அன்று, ஷேப்பரை எடுத்துவிட்டுத் தனியாகச் சோதித்தோம். எது எதைச் சரி செய்கிறது என்று தெரிய வேண்டுமே. 70 எம்பிபிஎஸ் வந்தது, ஆனால் சீராக இல்லை. நிறைந்த வாளி ஐந்தரை மில்லி வினாடி வரை முழு 1 ஜிபிபிஎஸ்ஸையும் அனுமதிக்கும். டிசிபி அதைப் பார்த்து லைன் அகலம் என்று நம்பி ஏறும், வாளி தீர்ந்ததும் ஒரேயடியாகப் பல பாக்கெட்டுகளை இழந்து விழும். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட அளவீட்டில், பாலிசரில் சிக்கிய இணைப்புகளின் இழப்பு மற்றவற்றைவிடச் சராசரியாக ஆறு மடங்கு இருந்தது. பெரிய வாளி மட்டுமே போதாது என்பதை நாங்கள் அன்று நேரில் பார்த்தோம்.

பிறகு ஷேப்பரையும் சேர்த்தோம். முதலில் ஆசைப்பட்டு 99-இல் வைத்தோம். டிராப் கவுண்டர் மெல்ல ஏறியது. எங்கள் ஷேப்பர் ஐபி பாக்கெட்டின் 1,500 பைட்டை எண்ணுகிறது. அவர்கள் பாலிசர் ஈத்தர்நெட் தலைப்பும், எந்த நெட்வொர்க் பிரிவு என்று காட்டும் விலான் குறியும், கடைசியில் வரும் பிழைச் சரிபார்ப்பு பைட்டுகளும் சேர்த்து 1,522 எண்ணுகிறது. எங்களுடைய 99 அவர்களுக்கு 100.45. குரல் போன்ற 200 பைட் பாக்கெட்டுகளில் வித்தியாசம் 11 விழுக்காடு. 95-க்கு இறக்கினோம், கவுண்டர் நின்றது. ஷேப்பருக்குள் குரலுக்கு முன்னுரிமை வரிசை ஒன்றும், பேக்கப்புக்கு 400 பாக்கெட் வரிசை ஒன்றும் வைத்தோம். 400 என்பது சுமார் 50 மில்லி வினாடித் தாமதம்; பேக்கப்புக்கு அது ஒன்றுமில்லை.

ஒரே இணைப்பில் 88 எம்பிபிஎஸ். பேக்கப் ஆறு மணி நேரத்தில் முடிந்தது. உதவிக் குழுவிடமிருந்து அதன்பின் குரல் புகார் வரவில்லை. முதல் புகாரிலிருந்து 19 நாள்.

இன்று செய்வதாக இருந்தால்

இரு முனை கேப்சரை எட்டாம் நாளுக்குத் தள்ளியிருக்க மாட்டேன். முதல் நாளே எடுத்திருப்பேன். ஐந்து நிமிட கிராஃபை வைத்து அரை மில்லி வினாடிச் சிக்கலைத் தேடினோம். இணைப்புகளை எட்டாக்கியதை இப்போது செய்யவே மாட்டேன். குரல் அதே லைனில் போகிறது என்று தெரிந்தும் செய்தது என் தவறு. எதிர்த் திசை வேகமாக இருந்ததை ஒரு ஓரமாக எழுதிவைத்துவிட்டு நகர்ந்ததும் அப்படித்தான். அங்கே நின்று யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

லைன் ஏற்புச் சோதனையில் இப்போது யுடிபியோடு ஒற்றை டிசிபி இணைப்பையும் ஓட்டுகிறோம், பர்ஸ்ட் அளவைப் பைட்டில் எழுதித் தரச் சொல்கிறோம். கேட்டால் பாதிப் பேர் தருகிறார்கள். மீதிப் பேரிடமிருந்து "100 எம்பிபிஎஸ்" என்றே பதில் வருகிறது. அந்த லைன்களில் 40 பாக்கெட் கொத்து ஒன்றை அனுப்பி, மறுமுனையில் எத்தனை வரிசையாக வருகின்றன என்று நாங்களே எண்ணிக்கொள்கிறோம்.